பில் மென்பொருள் விற்கிறீர்களா? உரிமத்தையும் பாருங்கள்

மட்டக்களப்பிலும் கல்முனையிலும் கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் செய்து கொடுக்கும் சிறிய கம்பனிகளுக்கு இந்தக் குறிப்பு. திறந்த மூல மென்பொருள் (மூல நிரலை, அதாவது எழுதிய நிரலை, யாரும் பார்த்து மாற்றிப் பாவிக்க விடும் மென்பொருள்) இலவசமாகக் கிடைக்கலாம், ஆனால் நிபந்தனை இல்லாமல் கிடைப்பதில்லை.

அந்த மென்பொருள் எம்ஐடி என்ற உரிமத்தில் வந்தது என்றால் சுலபம். பதிப்புரிமை வரியையும் உரிம வாசகத்தையும் நீக்காமல் கூடவே கொடுத்தால் சரி. ஜிபிஎல் என்ற இன்னொரு உரிமம் அப்படியல்ல. ஜிபிஎல் உரிமத்தில் வந்த நிரலைச் சேர்த்து எழுதிய மென்பொருளை உங்கள் அலுவலகத்துக்குள் மட்டும் பாவித்தால் பிரச்சினை இல்லை. கடைக்காரரின் கணினியில் ஏற்றிக் கொடுத்தால் அது விநியோகம். மூல நிரலையும் கொடுக்க வேண்டும். அல்லது, 1991இல் வந்த இரண்டாம் பதிப்பின்படி, கேட்பவருக்கு அதைத் தருவதாகக் குறைந்தது 3 ஆண்டுகள் செல்லுபடியாகும் எழுத்து உறுதி கொடுக்க வேண்டும்.

"வெளியில் ஒரு தம்பி எழுதித் தந்தவர், எங்களுக்குத் தெரியாது" என்பது பதிலாகாது. விற்பவருக்கே பொறுப்பு. அதனால் வேலையை ஒப்படைக்கும்போதே, பாவித்த நூலகங்களின் (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்புகளின்) பெயர், பதிப்பு, உரிமம் மூன்றையும் எழுதி வாங்குங்கள். பிஎச்பி என்ற நிரல் மொழியில் எழுதிய திட்டமென்றால் 'கம்போசர் லைசென்சஸ்' என்ற ஒரே கட்டளை, கம்போசர் என்ற நூலகம் சேர்க்கும் கருவி வழியாகச் சேர்த்தவற்றின் பட்டியலைத் தந்துவிடும்.

மீறல் நடந்ததாக யாராவது எழுதினால் உடனே கவனியுங்கள். 2007இல் வந்த ஜிபிஎல் மூன்றாம் பதிப்பில், முதல் தடவை மீறியவர் அறிவித்தல் கிடைத்து 30 நாட்களுக்குள் சரிசெய்தால், மீறலால் இழந்த உரிமை நிரந்தரமாகத் திரும்பிவிடும்.