துபாய்ச் சாலையில் அயல்நாட்டவர் இறந்தால்: விசாரணை செல்லும் வழியும் குடும்பம் செய்ய வேண்டியதும்

துபாயில் வேலை பார்த்த ஒருவர் சாலை விபத்தில் இறந்துவிட்டார் என்று ஊருக்குச் செய்தி வந்ததும் குடும்பத்தார் கேட்கும் முதல் கேள்வி, உடல் எப்போது வரும் என்பதுதான். ஆனால் அங்கே அந்த இறப்பு இரண்டு தடங்களில் செல்கிறது. உடலை ஊருக்கு அனுப்புவது ஒன்று. தவறு யாருடையது என்று கண்டறிந்து வழக்கு நடத்துவது மற்றொன்று. முதலாவது பெரும்பாலும் சில நாள்களில் முடிந்துவிடும். இரண்டாவது பல மாதங்கள் நீளும். நிறுவனத்தாரும் அறைத் தோழர்களும் முதலாவதில் ஓடியாடி உதவுவார்கள். அடக்கம் முடிந்த பிறகு இரண்டாவதைக் கவனிக்கத்தான் ஆள் இருக்காது. ஆகவே இங்கே அதையே விரிவாகச் சொல்ல முற்படுகிறேன்.

விபத்து நடந்த இடத்திற்கு வரும் போக்குவரத்துக் காவலர் வரைபடம் வரைகிறார், பிரேக் பிடித்த தடங்களை அளக்கிறார், சாலைக் கேமராப் பதிவுகளைத் திரட்டுகிறார், வாகனத்தைத் தொழில்நுட்பச் சோதனைக்கு அனுப்புகிறார். ஓட்டுநர் மது அருந்தியிருந்தாரா என்பதும் பார்க்கப்படும். இவை அனைத்தும் அரபு மொழியில் கோப்பாகி, போக்குவரத்து வழக்குகளுக்கென்றே உள்ள அரசு வழக்குத் தொடர்வுத் துறைக்குச் செல்கின்றன. வளைகுடாவில் இருப்பவர்கள் அதை 'நியாபா' என்பார்கள். அங்கிருந்துதான் வழக்கு நீதிமன்றம் ஏறும். இறந்தவர் எந்த நாட்டவராயினும் இந்த நடைமுறை ஒன்றுதான். அயல்நாட்டவர் என்பதால் கூடுதலாக நடப்பது, அவருடைய நாட்டுத் தூதரகத்திற்குத் தகவல் போவது. தூதரக உறவுகள் குறித்த 1963ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை, தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும் என்கிறது. ஆனால் இந்தியத் துணைத் தூதரகம் புலனாய்வு செய்யாது, செய்யவும் முடியாது. நிலவரத்தைக் கேட்டுச் சொல்வதும் ஆவணங்களை வழங்குவதும் அதன் வேலை. இது தெரியாமல் தூதரகத்தின் மீது கோபப்படும் குடும்பங்கள் உண்டு.

எனவே முதல் இரண்டு நாள்களிலேயே அங்குள்ள நம்பிக்கையான ஒருவரிடம் ஐந்து விவரங்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்: விபத்து நடந்த நாளும் இடமும், காவல் நிலையத்தின் பெயர், வழக்கு எண், மோதிய வாகனத்தின் எண், அதன் காப்பீட்டு நிறுவனம். இவற்றுள் வழக்கு எண்ணே தலையாயது. அது கையில் இல்லாவிட்டால் பின்னர் எந்த வழக்கறிஞராலும் எளிதில் தொடங்க முடியாது. நேரில் பார்த்த உடன்பணியாளர் இருந்தால், அவர் விடுமுறையில் ஊருக்குப் புறப்படும் முன்பே காவல் துறையிடம் வாக்குமூலம் அளித்துவிடச் சொல்லுங்கள்.

உடலைப் பொறுத்தவரை, தடயவியல் மருத்துவர் பார்த்த பிறகே காவல் துறை விடுவிக்கும். அதன் பின் இறப்புச் சான்றிதழ், விசா ரத்து, தூதரகத்தில் கடவுச்சீட்டு ரத்தும் தடையில்லாச் சான்றும், பதப்படுத்துதல், விமானச் சரக்குப் பதிவு என்று வேலை நகரும். பதப்படுத்தும் நிலையம் சோனாப்பூர் என்று தொழிலாளர் அழைக்கும் முஹைஸ்னா பகுதியில் உள்ளது. பொன்னூர் என்று பொருள்படும் இந்திப் பெயர் அது, யார் வைத்தார்களோ. செலவை ஏற்க முதலாளி இல்லையெனில், தூதரகத்திலுள்ள இந்தியச் சமூக நல நிதியிலிருந்து உதவி கேட்கலாம்.

இனி வழக்கிற்கு வருவோம். ஐக்கிய அரபு அமீரகத்தின் புதிய போக்குவரத்துச் சட்டம் 2025 மார்ச் 29 முதல் நடப்பில் உள்ளது. அதன்படி, வாகனம் ஓட்டி ஒருவருக்கு இறப்பு விளைவித்தவருக்குச் சிறையும் குறைந்தது 50,000 திர்ஹம் அபராதமும் அல்லது இவற்றுள் ஒன்றும் விதிக்கப்படும். சிவப்பு விளக்கை மீறியோ போதையில் ஓட்டியோ இறப்பு நேர்ந்திருந்தால் சிறை ஓராண்டுக்குக் குறையாது, அபராதம் 1,00,000 திர்ஹத்திற்குக் குறையாது. இத்தண்டனை அரசுக்கும் ஓட்டுநருக்கும் இடையிலானது. இதற்குக் குடும்பம் வழக்கறிஞர் அமர்த்த வேண்டியதில்லை. குடும்பத்திற்குச் சேர வேண்டியது 'தியா' எனப்படும் இரத்தப் பணம், அதாவது இறப்புக்கு ஈடாக வாரிசுகளுக்குத் தரப்படும் தொகை. தவறுதலாக நேர்ந்த இறப்புக்கு அது அங்கே 2,00,000 திர்ஹம்.

இது நடைமுறையில் எப்படி அமைகிறது என்பதற்கு 2019 ஜூன் 6 அன்று நடந்த பேருந்து விபத்தைப் பார்க்கலாம். பெருநாள் விடுமுறை முடிந்து மஸ்கட்டிலிருந்து துபாய்க்கு வந்த பேருந்து, ரஷீதியா மெட்ரோ நிலையம் செல்லும் வழியில், உயரமான வாகனங்களைத் தடுக்க வைத்திருந்த எஃகுத் தடுப்பில் மோதியதில் 17 பேர் இறந்தனர். அவர்களில் 12 பேர் இந்தியர். மணிக்கு 40 கி.மீ. வேகமே செல்லத்தக்க இடத்தில் பேருந்து 94 கி.மீ. வேகத்தில் வந்தது என்பது அரசுத் தரப்பு. எச்சரிக்கைப் பலகைக்கும் தடுப்புக்கும் இடையே போதிய தூரம் இல்லை என்று ஓட்டுநர் தரப்பு வாதிட்டது. போக்குவரத்து நீதிமன்றம் ஓட்டுநருக்கு 7 ஆண்டுச் சிறையும் 50,000 திர்ஹம் அபராதமும் விதித்து, 34 லட்சம் திர்ஹம் இரத்தப் பணம் செலுத்த ஆணையிட்டது. 17 பேருக்குத் தலா இரண்டு லட்சம் என்ற கணக்கு அது. மேல்முறையீட்டில் சிறைத்தண்டனை ஓராண்டாகக் குறைந்தது. முதல் தீர்ப்பின் செய்தியைப் படித்ததோடு வழக்கு முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது என்பதற்கு இதுவே போதும்.

நம் தொழிலாளர்களின் வழக்குகளில் பெரிய சிக்கல், இறந்தவர் சாலையைக் கடந்தவராக இருப்பது. கடக்கும் இடமல்லாத இடத்தில் கடந்தார் என்று காவல் அறிக்கை சொன்னால், தவறு இருவருக்கும் பங்கிடப்படலாம். கிடைக்க வேண்டிய தொகையும் அதற்கேற்பக் குறையலாம். அதனால் தவறு குறித்த காவல் துறையின் முடிவு எப்படி எழுதப்பட்டுள்ளது என்பதை, உரிமம் பெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு வரி வரியாகப் படித்துத் தெரிந்துகொள்வது அவசியம். "நிறுவனத்தில் எல்லாம் பார்த்துக்கொள்வார்கள்" என்ற பேச்சை இவ்விடத்தில் நம்பக் கூடாது. மோதியது நிறுவனத்தின் சொந்த வாகனமாகவும் இருக்கலாமே.

தொகையைப் பெற வாரிசுகள் யார் என்று மெய்ப்பிக்க வேண்டும். வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழ் பெற்று, இந்திய வெளியுறவு அமைச்சகத்திலும் அமீரகத் தூதரகத்திலும் சான்றொப்பம் வாங்கி, அங்கே அரபு மொழியில் பெயர்க்கச் செய்து தர வேண்டும். தமிழர்களுக்கு இங்கே ஒரு தனித் தொல்லை உண்டு. கடவுச்சீட்டில் தந்தை பெயர் முழுதாகக் குடும்பப் பெயரின் இடத்தில் இருக்கும். வாரிசுச் சான்றிதழிலோ ஓரெழுத்துத் தலைப்பு மட்டும் இருக்கும். ஆதாரில் எழுத்துக்கூட்டலே வேறாக இருக்கும். இரண்டு பெயரும் ஒருவரே என்பதை அரபு நாட்டு எழுத்தருக்கு விளக்கி மாளாது. விண்ணப்பிக்கும்போதே கடவுச்சீட்டில் உள்ளபடி பெயரை எழுதி வாங்கிவிட்டால், பின்னாளில் அதற்கென ஓர் உறுதிமொழிப் பத்திரமும் அதற்கான சான்றொப்ப அலைச்சலும் மிச்சமாகும்.

இரத்தப் பணம் தவிர வேறு வழிகளும் உள்ளன. வெளிநாட்டு வேலைக்குச் செல்ல இந்திய அரசு தரும் குடியேற்ற அனுமதி பெற்றுச் சென்றவராயின் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீட்டில் விபத்து மரணத்திற்கு 10 லட்சம் ரூபாய் உண்டு. அவருடைய பாலிசி காலாவதியாகியிருந்ததா என்று பாருங்கள். முதலாளியிடமிருந்து பணிக்கால நிறைவுத் தொகையும் நிலுவைச் சம்பளமும் வர வேண்டும். எதற்கும் பதில் வரவில்லையெனில் வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் முறையிட்டு அந்த எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். அபுதாபியும் ராஸ் அல் கைமாவும் துபாயைப் போலவே தமக்கெனத் தனி நீதித்துறை வைத்திருப்பதால், அங்கே அணுக வேண்டிய அலுவலகங்கள் மாறும். சவூதி அரேபியாவிலோ இரத்தப் பணத்தின் கணக்கே வேறு.

கடைசியாக, கையொப்பம். துக்க வீட்டுக்கு வரும் தாள்களில் உடலைப் பெற அனுமதிக்கும் கடிதமும் இருக்கும், ஓட்டுநரை மன்னித்து இரத்தப் பணத்தைக் கைவிடுவதாகச் சொல்லும் கடிதமும் இருக்கக்கூடும்; இரண்டும் அரபியில் இருந்தால் வேறுபாடு தெரியாது. மொழிபெயர்ப்பு இல்லாத எதிலும் கையெழுத்திடாதீர்கள். வழக்கு நடத்த ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் கொடுக்கும்போது, உடலைப் பெறுதல், வழக்கில் முன்னிலையாதல் என அதிகாரங்களைத் தனித்தனியே குறிப்பிட்டு, பணத்தைப் பெறும் அதிகாரத்தை மட்டும் கொடுக்காமல், தொகை நேரே வாரிசின் வங்கிக் கணக்கிற்கு வர வேண்டும் என்று எழுதச் செய்யுங்கள்.