மிளகாய்ச் செடி ஏன் காய்ப்பதில்லை: வெளிச்சத்தில் செய்யும் தவறுகள்

வடசென்னையின் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை சந்துகளில் புதிதாகத் தொட்டி வைப்பவர்கள் செடி காய்க்கவில்லை என்றால் முதலில் உரத்தைத்தான் மாற்றுகிறார்கள். பல வீடுகளில் குறை இருப்பது வெளிச்சத்தில்தான். தண்ணீர் அதிகம் ஊற்றுவது பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள், அதை விடுவோம்.

கண்ணை நம்பி இடம் பார்ப்பது

"நல்லா வெளிச்சமாத்தானே இருக்கு" என்று நடையில் மிளகாயை வைப்பார்கள். மூன்று மாதம் உரமும் மருந்தும் கரையும், ஒரு காய் வராது. இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கையில் எரிச்சல்தான் வருகிறது.

வெளிச்சம் குறைந்தால் நம் கண்மணி விரிந்துகொள்ளும். அதனால் 500 லக்ஸ் (கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தின் அலகு) உள்ள நடையும் பளிச்சென்று தெரியும். மொட்டை மாடியின் உச்சி வெயிலோ சுமார் 1,00,000 லக்ஸ், 200 மடங்கு! இலைக்கு அப்படிச் சமாளிக்க வழியில்லை. ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறைச் சர்க்கரையில் சேர்க்கக் குறைந்தது 8 ஃபோட்டான், அதாவது ஒளித்துகள், வேண்டும். நூற்றுக்கணக்கான பச்சைய மூலக்கூறுகள் அவற்றைப் பிடித்து ஒளியை வேதி ஆற்றலாக மாற்றும் வினை மையத்துக்குக் கைமாற்றுகின்றன. வரத்தே இல்லையென்றால் எதைக் கைமாற்றுவது?

போனில் லக்ஸ் மீட்டர் செயலியைப் போட்டு, இலை மட்டத்தில் திரை வானத்தைப் பார்க்க வையுங்கள். காலை 9, பகல் 12, மாலை 3 மணிக்கு அளந்து சராசரி எடுத்து 54-ஆல் வகுங்கள். இலைக்கு எத்தனை ஃபோட்டான் வருகிறது என்பது மோல் கணக்கில் (துகள்களை எண்ணும் அலகு; மைக்ரோமோல் அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கிடைக்கும். 500 லக்ஸுக்குக் கிடைப்பது சதுர மீட்டருக்கு வினாடிக்கு 9 மைக்ரோமோல். 12 மணி நேரத்துக்கு 0.4 மோல். மிளகாய் நன்றாகக் காய்க்க நாளுக்கு 20 மோலாவது வேண்டும். இந்த 54 சூரிய ஒளிக்கு மட்டும். சிவப்பு-நீல எல்இடி விளக்குக்குப் பொருந்தாது.

செடியைப் பார்த்தாலே தெரியும்: கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, தண்டு மெலிந்து, பூ உதிரும். அப்போது யூரியா போட்டால் இன்னும் நெடுநெடுவென்றுதான் போகும்.

நிழலிலிருந்து நேரே மாடிக்கு

தவறு புரிந்ததும் மே மாத வெயிலில் தூக்கி வைத்தால் இலை வெளுத்துக் கருகும். மிஞ்சும் ஒளியை வெப்பமாக வெளியேற்றும் திறன் நிழலில் வளர்ந்த இலைக்குக் குறைவு. முதல் மூன்று நாள் காலை வெயில் இரண்டு மணி நேரம். பிறகு நாளுக்கு ஒரு மணி நேரம் கூட்டி, பத்து நாளில் முழு வெயில். கோடையில் 50 சதவீத நிழல்வலை.

பச்சை ஒளி வீண் என்பது

இல்லை. அதிலும் பெரும்பகுதியை இலை உறிஞ்சிவிடும்.

தூசி

கன்டெய்னர் லாரி ஓடும் எண்ணூர் விரைவுச் சாலையோரம் வாரம் ஒருமுறை இலையைக் கழுவுங்கள், காலையில்.