சம்ப் தண்ணீர் மட்டம்: ஆர்எஸ்-485 சென்சாரை டேட்டாலாகரில் படிப்பது எப்படி

லாரித் தண்ணீர் எப்போது வந்தது, மோட்டார் எவ்வளவு இழுத்தது, ராத்திரியில் எங்காவது கசிகிறதா? சம்ப் மட்டத்தை நிமிடத்துக்கு ஒருமுறை பதிந்தால் இதெல்லாம் தெரிந்துவிடும். தேவையானவை சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலேயே கிடைக்கும்: ஈஎஸ்பி32 போர்டு (டேட்டாலாகராக வேலை செய்யப்போகும் சிறு கணினி), ஆர்எஸ்-485 மாட்யூல் (இரண்டு வயரில் தகவல் அனுப்பும் முறைக்கானது), டிஎஸ்3231 கடிகார மாட்யூல், எஸ்டி கார்டு மாட்யூல், 12 வோல்ட் அடாப்டர், மோட்பஸ் (அந்த வயரில் கேள்வி-பதிலாகப் பேசும் மொழி) பேசும் மூழ்கு சென்சார். இந்த சென்சார் தண்ணீருக்குள் கிடந்து, அதன் அழுத்தத்தை வைத்து மட்டம் சொல்லும். ஆர்எஸ்-485 மாட்யூல் வாங்கும்போது சிப்பின் பெயரைப் பார்த்து வாங்குங்கள். மேக்ஸ்485 என்பது 5 வோல்ட் சிப். அதன் வெளியீடு ஈஎஸ்பி32-இன் 3.3 வோல்ட் பின்னைக் கெடுத்துவிடக்கூடும். மேக்ஸ்3485 கேளுங்கள்.

நிரலில் கை வைக்கும் முன், யுஎஸ்பி-485 கன்வெர்ட்டர் வழியாக சென்சாரை நேராக லேப்டாப்பில் மாட்டிப் பேசவையுங்கள். இதைத் தாண்டிப் போகவே கூடாது. இல்லாவிட்டால் பிழை சென்சாரிலா, வயரிலா, நிரலிலா என்று தேடியே நாள் போய்விடும். பல சென்சார்கள் 9600 வேகம், 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட், முகவரி 1 என்ற அமைப்பில் வரும். கையேட்டைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். முதல் ரிஜிஸ்டரை (சென்சார் தன் மதிப்பை வைத்திருக்கும் இடம்) கேட்கும் செய்தி, பதினறும எண்ணில்: 01 03 00 00 00 01 84 0ஏ. கடைசி இரண்டும் சிஆர்சி, அதாவது செய்தி வழியில் சிதைந்ததா என்று காட்டும் சோதனை எண். பதில் 7 பைட் வரவேண்டும். ஒன்றுமே வரவில்லையா? சிக்னல் போகும் ஏ, பி வயர்களை மாற்றிப் போடுங்கள், ஒன்றும் கெடாது. கையேட்டில் 40001 என்று இருந்தால் அனுப்பவேண்டிய எண் 0; பலர் தடுக்கி விழும் இடம் இது.

இனி ஈஎஸ்பி32. போர்டின் ஜிபிஐஓ 16 என்ற பின்னை மாட்யூலின் ஆர்ஓ-வுக்கும் (வரும் தகவல்), 17-ஐ டிஐ-க்கும் (போகும் தகவல்) கொடுங்கள். அனுப்புவதா, கேட்பதா என்று மாட்யூலை மாற்றும் டிஇ, ஆர்இ இரண்டையும் சேர்த்து ஜிபிஐஓ 4-க்கு. சென்சாரின் கிரவுண்டும் போர்டின் கிரவுண்டும் இணைந்திருக்க வேண்டும். சிக்னல் வயரை மோட்டார் வயரோடு ஒரே பைப்பில் விடாதீர்கள்.

ஒவ்வொரு வாசிப்பிலும் வரிசை இதுதான்: பஃபரில் கிடக்கும் பழைய பைட்டுகளைப் படித்து வெளியே தள்ளுங்கள். ஜிபிஐஓ 4-ஐ உயர்த்துங்கள். 8 பைட்டையும் எழுதி, ஃப்ளஷ் (எல்லாம் வெளியேறும்வரை காத்திருக்கும் கட்டளை) கொடுத்து, உடனே 4-ஐ இறக்குங்கள். 9600 வேகத்தில் ஒரு பைட் போக ஏறக்குறைய 1 மில்லிசெகண்ட் ஆகும். ஃப்ளஷ் கொடுக்காமல் இறக்கினால் செய்தியின் வால் அறுந்துபோகும். பாதுகாப்புக்கு என்று 50 மில்லிசெகண்ட் டிலே வைத்தால் சென்சாரின் பதில் முட்டி நொறுங்கிவிடும். பிறகு பதிலுக்கு 300 மில்லிசெகண்ட் வரை காத்திருங்கள்.

வந்த பதிலில் நீளம், முகவரி, 03 என்ற எண் (படிக்கச் சொல்லும் கட்டளை), சிஆர்சி ஆகிய நான்கையும் சரிபாருங்கள். ஒன்று தவறினாலும் மட்டத்தின் கட்டத்தை வெறுமையாக விட்டு, பக்கத்தில் பிழை எண்ணை எழுதுங்கள். முந்தைய மதிப்பையே திரும்ப எழுதும் நிரல்கள் நிறைய உலவுகின்றன. அறுந்த வயரும் அசையாத தண்ணீரும் அதில் ஒரே கோடாகத் தெரியும். அப்படிப்பட்ட பதிவை நம்பி லாரி சொல்வது ஆபத்து. வெற்றுக் கட்டம் பொய் சொல்லாது.

கரண்ட் போனாலும் பதிவு பிழைக்க, ஒவ்வொரு வரிக்கும் ஃபைலைத் திறந்து, எழுதி, மூடுங்கள். ஒரு நாளைக்கு 1440 வரிதான், கார்டு தாங்கும். டிஎஸ்3231 மாட்யூல்கள் பலவற்றில் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் சுற்று இருக்கிறது. அதில் சாதாரண சிஆர்2032 (சார்ஜ் ஏற்றக்கூடாத காசு பேட்டரி) போட்டால் உப்பிவிடக்கூடும். அந்தச் சுற்றின் டையோடைக் கழற்றுங்கள், அல்லது சார்ஜ் ஏற்றக்கூடிய எல்ஐஆர்2032 போடுங்கள்.

கடைசியாக, சென்சார் கேபிளுக்குள் போகும் மெல்லிய காற்றுக்குழாய். வெளிக்காற்றின் அழுத்தத்தை சென்சாருக்குக் காட்டுவது இதுதான். தண்ணீர் புகக்கூடாது என்று அதன் வாயைச் சிலிக்கோன் வைத்து அடைத்துவிடுகிறார்கள். அடைத்தால் புயல் நேரத்தில் காற்றழுத்தம் 10 மில்லிபார் இறங்கும்போது, சம்பில் ஒரு சொட்டுக்கூடக் குறையாமலே மட்டம் சுமார் 10 சென்டிமீட்டர் இறங்கியதாகக் காட்டும். குழாயின் வாய் உலர்ந்த பெட்டிக்குள் திறந்தே இருக்கட்டும். பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு, ஐப்பசி மழைக்கு முன் மாற்றிவிடுங்கள்.