ஸ்பானிஷில் 'ஊரிலேயே பெரியது' என்று சொல்வது எப்படி

ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட ஸ்பானிஷில் 'மாஸ்' போதும். 'மாஸ் கிராந்தே' என்றால் 'இன்னும் பெரிய'. அதையே 'எல்லாவற்றிலும் பெரிய' என்று ஆக்க வேண்டுமானால் முன்னால் 'எல்' அல்லது 'லா' வர வேண்டும். இந்தச் சின்னச் சொல்லை விட்டுவிட்டால் கேட்பவர் 'எதைவிடப் பெரியது?' என்று காத்திருப்பார்.

கீழக்கரையில் எங்கள் வீட்டு மாடிக்கு மஃரிபுக்குப் (அந்தித் தொழுகைக்குப்) பிறகு ஸ்பானிஷ் படிக்க வரும் பிள்ளைகள் பெரும்பாலும் கப்பலுக்கோ வெளிநாட்டு ஓட்டலுக்கோ வேலைக்குப் போக நினைப்பவர்கள். நானும் சரக்குக் கப்பல் சமையலறையில் நின்றுதான் இந்த மொழியைக் கற்றேன். கயாவோ, வல்பராயீசோ, கார்த்தஹேனா என்று தென்னமெரிக்கத் துறைமுகங்களில் ஏறியவர்கள்தான் எனக்கு வாத்தியார்கள். அதனால் இங்கே எழுதும் உச்சரிப்பும் அந்தப் பக்கத்து உச்சரிப்பே.

முதலில் சொல் வரிசை. 'தெருவிலேயே பெரிய வீடு' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பானிஷில் அது 'லா காசா மாஸ் கிராந்தே தே லா கயே'. காசா என்றால் வீடு, கயே என்றால் தெரு. நாம் தெருவில் தொடங்கி வீட்டில் முடிக்கிறோம். அவர்கள் வீட்டில் தொடங்கித் தெருவில் முடிக்கிறார்கள். தமிழ் வாக்கியத்தை மனதில் வைத்துக்கொண்டு கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கி வாருங்கள்: வீடு, பெரிய, தெரு. வரிசை தானாகவே சரியாக விழும். நம் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை. இலக்கண நூல்களின் சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர்கள் பேசும்போது திணறுகிறார்கள். பின்னாலிருந்து வருபவர்கள் திணறுவதில்லை.

அடுத்து ஆண்பால், பெண்பால். ஸ்பானிஷில் வீடு பெண், கப்பல் ஆண், வலை பெண். ஆகவே துறைமுகத்திலேயே பழைய கப்பல் 'எல் பார்க்கோ மாஸ் வியெஹோ தெல் புவெர்த்தோ'. இருப்பதிலேயே பழைய வலைகள் 'லாஸ் ரெதெஸ் மாஸ் வியெஹாஸ்'. முன்னால் வரும் எல், லா, லோஸ், லாஸ் மாறும்போது பின்னால் வரும் வியெஹோவும் கூடவே மாறுகிறது. கிராந்தே போல 'எ' ஒலியில் முடிபவை பால் மாறாது, பன்மையில் மட்டும் 'கிராந்தெஸ்' ஆகும்.

இனி 'தே'. பாடம் இங்கே வரும்போதெல்லாம் யாராவது கேட்கிறார்கள்: "காக்கா (அண்ணன்), தெருவிலேயே-ன்னா 'இல்' இருக்கே, 'என்' தானே போடணும்?" நியாயமான கேள்விதான். இடத்தைச் சொல்ல ஸ்பானிஷில் 'என்' உண்டு. ஆனால் 'எல்லாவற்றிலும்' என்ற பொருளில் எந்தக் கூட்டத்திலிருந்து ஒன்றைப் பொறுக்குகிறோமோ அதற்கு முன்னால் 'தே'தான் வரும். 'தே'யும் 'எல்'லும் சேர்ந்தால் 'தெல்'. உலகத்திலேயே என்பது 'தெல் முந்தோ'.

வாலிநோக்கம் உப்பளத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு நான் தரும் உதாரணம் இது: 'எல் சலார் தே உயூனி எஸ் எல் சலார் மாஸ் கிராந்தே தெல் முந்தோ.' பொலிவியாவின் உயூனி உலகத்திலேயே பெரிய உப்புப் பரப்பு. 10,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். கடலோரத்தில் அல்ல, சுமார் 3,650 மீட்டர் உயரத்தில் கிடக்கிறது. காலம் மாறினாலும் அமைப்பு மாறாது. 1914இல் திறந்த பாம்பன் பாலம், 2009இல் மும்பையின் பாந்த்ரா-வோர்லி பாலம் வரும்வரை நாட்டிலேயே நீளமான கடல் பாலமாக இருந்தது. அதற்கு 'எரா எல் புவெந்தே மரீத்திமோ மாஸ் லார்கோ தே லா இந்தியா' என்று இறந்தகாலத்தில் சொன்னால் முடிந்தது.

'மிகப் பழமையானவற்றுள் ஒன்று' என்று சொல்ல 'ஊனோ தே லோஸ்', பெண்பாலுக்கு 'ஊனா தே லாஸ்'. எங்கள் ஊர்ப் பழைய ஜும்மா பள்ளிவாசலை 'ஊனா தே லாஸ் மெஸ்கீத்தாஸ் மாஸ் அந்தீகுவாஸ் தே லா இந்தியா' என்பேன். ஒன்றைத்தான் சொல்கிறோம் என்றாலும் பின்னால் வருவதெல்லாம் பன்மை. குறைவைச் சொல்ல மாஸ் இருந்த இடத்தில் 'மேனோஸ்' வரும், வேறு மாற்றம் இல்லை.

நான்கு சொற்கள் மட்டும் 'மாஸ்' வேண்டாம் என்பவை: மெஹோர் (நல்லதிலேயே நல்லது), பெயோர் (மோசமானதிலேயே மோசம்), மயோர், மெனோர். 'மாஸ் மெஹோர்' என்று சொல்லிவிடாதீர்கள், காதில் குத்தும். மெஹோரும் பெயோரும் பொதுவாகப் பெயருக்கு முன்னால் வரும்: 'எல் மெஹோர் பெஸ்காதோ தெல் மெர்காதோ', சந்தையிலேயே நல்ல மீன். மயோரும் மெனோரும் வயதைக் குறித்தால் பின்னால் போகும்: 'எல் இஹோ மயோர்' மூத்த மகன், 'லா இஹா மெனோர்' இளைய மகள். 'மி' (என்னுடைய) போன்ற உரிமைச் சொல் வந்தால் எல், லா தேவையில்லை. 'மி மெஹோர் அமீகோ' என்றாலே என் உற்ற நண்பன்.

இதுவரை சொன்னதெல்லாம் போட்டியில் ஒன்றை முதலில் நிறுத்துவது. போட்டியே இல்லாமல், 'அவ்வளவு ருசி!' என்று மனம் திறந்து சொல்வதற்கு வேறு வழி இருக்கிறது. லத்தீனிலிருந்து வந்த '-ஈசிமோ'. சொல்லின் கடைசி உயிரொலியை எடுத்துவிட்டு அதை ஒட்டுங்கள்: காரோ (விலை கூடிய), கரீசிமோ, லார்கோ (நீளமான), லர்கீசிமோ, ரீக்கோ (ருசியான), ரிக்கீசிமோ. மெய்யில் முடிந்தால் அப்படியே ஒட்டலாம்: ஃபாசில் (எளிய), ஃபசிலீசிமோ. அழுத்தம் எப்போதும் 'ஈ' மேல். இதுவும் பால், எண்ணுக்கு ஏற்ப மாறும். எல்லோரும் சொல்லும் 'முச்சீசிமாஸ் கிராசியாஸ்' பெண்பால் பன்மை. சில சொற்கள் கொஞ்சம் வளையும்: அமாப்ளே (அன்பான) 'அமபிலீசிமோ' ஆகும், ஹோவென் (இளைய) 'ஹோவென்சீசிமோ' ஆகும், அந்தீகுவோ 'அந்திக்கீசிமோ' ஆகும். இதோடு 'முய்' (மிகவும்) சேர்க்கக் கூடாது. 'முய் ரிக்கீசிமோ' தவறு.

சமையலறையில் இந்த இரண்டு வழிகளையும் பிரித்துப் பயன்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் வைத்த நண்டு ரசத்தை 'எல் மெஹோர் கால்தோ தெல் பார்க்கோ' என்றால், அதே கப்பலில் சமைக்கிற இன்னொருவரைக் கீழே இறக்கிவிடுகிறீர்கள். 'ரிக்கீசிமோ' என்றால் யாருக்கும் குறை இல்லை, சமைத்தவர் முகம் மலரும். சீதக்காதியைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் நான் இரண்டையும் சொல்வேன்: 'ஹெனெரோசீசிமோ' (பெரும் வள்ளல்), 'எல் ஓம்ப்ரே மாஸ் ஹெனெரோசோ தே கீழக்கரை'.

வேலைக்குப் போகிறவர்கள் கடைசியாக ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆணும் இல்லாமல் பெண்ணும் இல்லாமல் பொதுவாகப் பேச 'லோ' வரும். 'லோ மாஸ் இம்போர்த்தாந்தே' என்றால் முக்கியமான விஷயம், 'லோ மெஹோர்' என்றால் இதில் நல்லது எதுவோ அது. மேலாளர் அவசரத்தில் 'லோ மாஸ் ப்ரோந்தோ போசீப்ளே' என்பார். முடிந்தவரை சீக்கிரம் என்று பொருள். அங்கே 'தே'யும் கிடையாது, பாலும் பார்க்க வேண்டியதில்லை, அப்படியே சொல்லிப் பழகுங்கள்.