கிரேக்கச் சிலையின் காலத்தை இடுப்பைப் பார்த்துக் கணிப்பது எப்படி?

தலையும் கைகளும் உடைந்துபோன ஒரு கிரேக்க ஆண் சிலையின் படம் கிடைக்கிறது. குறிப்பு எதுவும் இல்லை. அது எந்த நூற்றாண்டைச் சேர்ந்தது என்று சொல்ல முடியுமா? பெரும்பாலும் முடியும். நான் பழகிய முறையை இங்கே தருகிறேன்.

தேவையானவை: முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் மூன்றையும் காட்டும் படங்கள், பென்சில், அளவுகோல். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் தொடங்குங்கள். பழைய சிலைகளின் படங்களைப் பெரிய அளவில் இலவசமாகத் தரவிறக்கலாம். செயலிகளில் கோடு இழுப்பது எனக்குப் பிடிக்காது. படத்தை அச்செடுத்து, பென்சிலால் கோடு போடுங்கள். அப்போதுதான் கண் நிதானமாக நகரும்.

படி 1: முகத்தை மறையுங்கள்

தலை இருந்தாலும் முதலில் அதைப் பார்க்க வேண்டாம். பழங்காலக் கிரேக்கச் சிலைகளின் உதட்டில் தெரியும் அந்த இலேசான புன்னகையைத்தான் எல்லோரும் தேடுவார்கள். ஏஜினா தீவின் அஃபையா கோயில் சிற்பங்கள் இப்போது மியூனிக்கில் உள்ளன. மேற்கு முகப்பில் ஒரு வீரன் மார்பில் தைத்த அம்பைப் பிடுங்கியபடி நம்மைப் பார்த்துப் புன்னகைக்கிறான். சற்றே பிந்திய கிழக்கு முகப்பில் சாகும் வீரனோ கேடயத்தின் மேல் சரிந்து தரையை நோக்குகிறான். ஒரே கோயிலில் இவ்வளவு மாற்றம்! சாவின் கனத்தை அவனுடைய முகத்துக்கு முன்பே உடல் சொல்லிவிடுகிறது.

படி 2: இரண்டு கோடுகள்

இரு தோள்களையும் இணைத்து ஒரு கோடு, இடுப்பு எலும்புகளை இணைத்து இன்னொரு கோடு.

மெட்ரோபாலிட்டனில் உள்ள கூரோஸ் (நிமிர்ந்து நிற்கும் நிர்வாண இளைஞன், சுமார் கி.மு. 590–580) சிலையில் இரண்டும் கிடைமட்டமாக இருக்கும். இடது கால் முன்னே வந்திருக்கிறது, ஆனால் இடுப்பு அசையவே இல்லை. உண்மையில் நடப்பவனுக்கு அப்படி இருக்காது. இப்படி இருந்தால் கி.மு. 6-ஆம் நூற்றாண்டு எனலாம்.

அடுத்து, ஏதென்ஸ் அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தின் 'கிரிட்டியோஸ் சிறுவன்', சுமார் கி.மு. 480. எடை இடது காலில் இறங்கியிருக்கிறது. அந்தப் பக்க இடுப்பு மேலேறி, வலப்பக்கம் தாழ்ந்திருக்கிறது. சாய்வு மிகச் சிறியது; அளவுகோல் வைத்தால்தான் தெரியும். கிரேக்கச் சிற்பத்தின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு இந்தச் சிறிய சாய்வுதான் என்பேன்.

இடுப்பு ஒரு பக்கமும் தோள் எதிர்ப்பக்கமும் சாய்ந்தால் சிற்பி பாலிக்ளைட்டஸின் காலம், சுமார் கி.மு. 440. அவருடைய 'ஈட்டி ஏந்தியவன்' இதற்கு நல்ல பாடம்.

படி 3: இரண்டு வயதுள்ள சிலைகள்

புதியவர்கள் பலரும் தடுக்கி விழும் இடம் இது, அதனால் மெதுவாகப் படியுங்கள். பாலிக்ளைட்டஸ் வார்த்தது வெண்கலம்; அது அழிந்துவிட்டது. நேப்பிள்ஸில் நாம் பார்ப்பது பொம்பெயில் கிடைத்த பளிங்குப் பிரதி. கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை அந்நகரை மூடுவதற்கு முன் செதுக்கப்பட்டது. அதாவது, நிற்கும் பாங்குக்கு ஒரு காலம், கல்லுக்கு வேறொரு காலம். இடுப்புக் கோடு முதலாவதை மட்டுமே சொல்லும்.

இரண்டாவதற்குக் கணுக்காலைப் பாருங்கள். உள்ளீடற்ற வெண்கலம் இலேசானது, உறுதியானது. 1972-இல் இத்தாலியின் ரியாச்சே கடலில் கிடைத்த இரு வெண்கல வீரர்களும் பாதத்தடியில் இருந்த ஈயப் பிடிப்பை நம்பியே நின்றவர்கள். அதே உருவத்தைப் பளிங்கில் செதுக்கினால் கணுக்கால் முறியும். அதனால்தான் காலோடு ஒட்டி, அதே பளிங்கில் ஒரு மரக்கட்டை உருவத்தைச் செதுக்கி வைத்தார்கள், கையைத் தாங்க இடுப்பருகே ஒரு சிறு முட்டும் விட்டார்கள். சம்பந்தமில்லாமல் ஒரு மரக்கட்டை நின்றால் ரோமானியப் பிரதி என்று சந்தேகப்படுங்கள். சந்தேகம் மட்டுமே, பளிங்கிலேயே உருவான மூலச் சிலைகளுக்கும் தாங்கல் உண்டு.

படி 4: சுற்றி வாருங்கள்

முன்பக்கப் படம் மட்டும் போதாமல் போகிறதா? அப்படியானால் கி.மு. 4-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு வந்துவிட்டீர்கள். சிற்பி லிசிப்பஸின் 'உடல் வழிப்பவன்' (உடலில் பூசிய எண்ணெயை வழித்தெடுக்கும் விளையாட்டு வீரன்) கையை நேரே நம்மை நோக்கி நீட்டுகிறான். முன்பக்கப் படத்தில் அந்தக் கையின் நீளமே தெரியாது. லூவரில் உள்ள சமோத்ரேஸ் வெற்றித் தேவதைக்கு (சுமார் கி.மு. 190) பக்கவாட்டுப் படமும் கட்டாயம் வேண்டும்.

பின்சேர்க்கை: பெண் சிலைகளில் இடுப்பு ஆடைக்குள் மறைந்திருக்கிறதே என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்வி. அங்கே துணி மடிப்பைப் பின்தொடருங்கள். பழைய கோரே (ஆடையணிந்து நிற்கும் இளம்பெண்) சிலைகளில் மடிப்புகள் உடலைக் கண்டுகொள்ளாமல் அழகுக் கோலமாக ஓடும். ஏதென்ஸின் பார்த்தெனான் கோயிலில் (கி.மு. 447–432) அவை உடலோடு வளைகின்றன. சுமார் கி.மு. 410-ஐச் சேர்ந்த, காலணியைச் சரிசெய்யும் நைக்கி (வெற்றித் தேவதை) சிற்பத்தில் துணி நனைந்ததுபோல் ஒட்டி, தூக்கிய முழங்காலையும் வயிற்றையும் அப்படியே காட்டும். அதில் இடுப்புக் கோட்டைத் துணியின் மேலேயே போடலாம்.