பெயர் மட்டும் போதாது: பிரிட்டனின் பழைய பப்களைத் தேடுவோர் செய்யும் தவறுகள்

லண்டனில் பழைய பப் ஒன்றுக்குப் போக வேண்டும், நல்லதாக ஒரு பெயர் சொல்லுங்கள் என்று ஊரிலிருந்து வந்த நண்பர் கேட்டார். எனக்கு மிகவும் பிடித்த ஒன்றின் பெயரை அனுப்பிவைத்தேன். மறுநாள் அவர் சொன்ன விமர்சனம் ஒரே வரி: "முதுகுகளைத்தான் பார்த்தேன்." வெள்ளிக்கிழமை மாலை ஆறரை மணிக்குப் போயிருக்கிறார். அலுவலகம் முடித்து வந்த கூட்டம் நடைபாதை வரை வழிந்து நின்றிருக்கிறது. நான் ரசித்த பூவேலைக் கண்ணாடியும் கணப்படுப்பும் அவர் கண்ணில் படவே இல்லை. பெயரை மட்டும் சொன்ன என்மேல்தான் குற்றம். அன்றிலிருந்து யாருக்குச் சொன்னாலும் எந்தக் கிழமை, எத்தனை மணி, எந்த அறை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். வார நாளில் பிற்பகல் மூன்று மணி என்றால் பெரும்பாலும் ஏமாற்றம் இல்லை.

வயதைப் பார்த்துப் பப்பைத் தேர்ந்தெடுப்பது இன்னொரு தவறு. இங்கிலாந்தின் மிகப் பழைய பப் என்ற பட்டத்துக்கு நாட்டிங்காம் நகரில் மட்டுமே மூன்று கடைகள் போட்டியிடுகின்றன. அவற்றுள் பேர்பெற்ற 'யீ ஓல்டு டிரிப் டு ஜெருசலேம்' தன் வெளிச்சுவரிலேயே 1189 என்று எழுதிவைத்திருக்கிறது. இன்று நாம் பார்க்கும் கட்டடமோ 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. செயின்ட் ஆல்பன்ஸ் ஊரின் 'ஃபைட்டிங் காக்ஸ்' ஒருகாலத்தில் கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றிருந்தது. பின்னர் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள். நம் ஊர்க் கோயில் வாசல்களில் தென்படும் 'ஆயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்த' பலகைகளை நம்பும் அளவுக்கு இவற்றையும் நம்பினால் போதும். ஆனாலும் டிரிப்புக்குப் போகத்தான் வேண்டும். நாட்டிங்காம் கோட்டை நிற்கும் மணற்பாறையைக் குடைந்து எடுத்த குகைகள்தான் அதன் பின்னறைகள். பாறைச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு உட்கார வேறெங்கே முடியும்?

பெயர்ப்பலகையில் உள்ள அந்த 'யீ' பற்றியும் ஒரு வார்த்தை. பழைய ஆங்கிலத்தில் 'த' ஒலிக்கென்று தனி எழுத்து இருந்தது. காலப்போக்கில் அதன் வடிவம் 'ஒய்' எழுத்தைப் போல ஆகிவிட, பிற்காலத்தார் அதை 'யீ' என்று படிக்கத் தொடங்கினார்கள். உண்மையில் அது வெறும் 'தி'. ஆகவே பலகையில் 'யீ' இருப்பதால் மட்டும் கடை பழையதாகிவிடாது.

வயதைச் சொன்னால் நம்பக்கூடிய கடைகளும் உண்டு. ஃப்ளீட் தெருவின் 'செஷையர் சீஸ்' 1666ஆம் ஆண்டு லண்டன் பெருந்தீயில் எரிந்து 1667இல் மீண்டும் கட்டப்பட்டது. அப்போது முதல் ஆண்ட மன்னர்களின் பெயர்களை வாசலில் வரிசையாக எழுதியிருக்கிறார்கள். பலர் அந்தப் பட்டியலைப் படம் எடுத்துக்கொண்டு, முன்னறையை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். குறுகலான படிகளில் இறங்கிக் கீழே உள்ள நிலவறைகளுக்குப் போனவர்கள்தான் அந்த வீட்டைப் பார்த்தவர்கள். உயரமானவர்கள் தலையைக் காத்துக்கொள்ளவும்.

அறைகளைப் பார்க்காமல் வருவதைத்தான் நான் எல்லாவற்றிலும் பெரிய தவறாக நினைக்கிறேன். ஹை ஹோல்பனில் உள்ள 'பிரின்சஸ் லூயிஸ்' விக்டோரியா அரசியின் மகள் பெயரைத் தாங்கியது. 1891இல் செய்த ஓடுகளும் கண்ணாடி வேலைகளும் இன்றும் மின்னுகின்றன. நடுவில் தீவு போலக் கவுண்டர், அதைச் சுற்றி மரத்தாலும் கண்ணாடியாலும் தடுத்த சிறு சிறு அறைகள். இடையில் காணாமல் போயிருந்த அந்தத் தடுப்புகளை 2008இல் மீண்டும் அமைத்தார்கள். ஆண்கள் கழிப்பறையின் பளிங்குத் தொட்டிகளைக்கூடப் பார்க்க வருகிறார்கள் என்றால் நம்பமாட்டீர்கள். யார்க்‌ஷயரைச் சேர்ந்த சாமுவேல் ஸ்மித் நிறுவனத்தின் கடை இது. அவர்கள் பப்களில் பாட்டு இல்லை, தொலைக்காட்சி இல்லை. 2019இல் கைபேசிக்கும் தடை போட்டார்கள். இதை முன்கூட்டிச் சொல்லாமல் யாரையும் அங்கே அனுப்பாதீர்கள். எனக்கு அந்தத் தடை பிடிக்கும். பக்கத்து அறையில் இருவர் தாழ்ந்த குரலில் வாதிட்டுக்கொள்வது ஒரு வானொலி நாடகம் போலக் கேட்கும்.

அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் லாம்ஸ் காண்டூயிட் தெருவில் 'லாம்'. கவுண்டரின் மேல் தலை உயரத்தில் சிறு கண்ணாடிக் கதவுகள் வரிசையாக இருக்கும், கையால் திருப்பலாம். 'ஸ்நாப் ஸ்கிரீன்' என்பது அவற்றின் பெயர். விக்டோரியா காலத்துக் கனவான் தான் குடிப்பதைப் பரிமாறுபவரோ எதிர்ப்பக்கத்துத் தொழிலாளியோ பார்க்கக் கூடாது என்று அதை மூடிக்கொள்வார். பணம் வாங்கும் கை மட்டும் தெரியும், முகம் தெரியாது. வர்க்கம் எப்படி இயங்கியது என்பதை ஒரு கண்ணாடித் துண்டு இவ்வளவு சுருக்கமாகச் சொல்லி நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அது என்னவென்று தெரியாமல் அதன் கீழ் குவளையை வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருப்பவர்கள்தான் அதிகம்.

லண்டன் பாலத்துக்குத் தெற்கே 'ஜார்ஜ் இன்' இருக்கிறது. 1676ஆம் ஆண்டு அந்தச் சதர்க் பகுதியில் பரவிய தீக்குப் பின் 1677இல் கட்டியது. குதிரை வண்டிகள் வந்து நின்ற முற்றம், அதைப் பார்த்தபடி மாடி மாடியாக மரத் தாழ்வாரங்கள். முன்பு மூன்று பக்கமும் இப்படி இருந்தது. ரயில்வே நிறுவனம் தன் கிடங்குகளுக்காக இரண்டு பக்கத்தை இடித்துவிட்டது. மிஞ்சிய ஒரு பக்கம் 1937 முதல் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் வசம் இருக்கிறது. வெயில் அடித்தால் எல்லோரும் முற்றத்து மேசைகளில் உட்கார்ந்துவிடுகிறார்கள். நல்லதுதான், உள்ளே தாழ்ந்த கூரை அறைகள் உங்களுக்குக் காலியாகக் கிடைக்கும்.

பிளாக்ஃபிரையர்ஸ் நிலையத்துக்கு எதிரே ஆப்புப் போன்ற ஒடுங்கிய கட்டடத்தில் 'பிளாக் ஃபிரையர்'. 1905 வாக்கில் உள்ளே முழுக்கப் பளிங்கும் வெண்கலப் புடைப்புச் சிற்பங்களுமாக மாற்றினார்கள். சிற்பங்களில் கொழுத்த துறவிகள் பாடுகிறார்கள், மீன் பிடிக்கிறார்கள், தூங்கி வழிகிறார்கள். 1960களில் இதை இடிக்க முயன்றபோது கவிஞர் ஜான் பெட்ஜமன் உள்ளிட்டோர் போராடிக் காப்பாற்றினார்கள். பின்பக்கத்துச் சிறு அறையின் சுவரில் பொறித்த வாசகங்களுள் ஒன்று: விளம்பரம் செய்யாதே, வம்பளப்பவரிடம் சொல். இந்தக் கட்டுரை எழுத எனக்கு அது அனுமதி கொடுத்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறேன்.

இனி பீர். பீப்பாயிலிருந்து பீரை இழுக்கும் கைப்பம்புகள் அதிகம் உள்ள கடைதான் சிறந்தது என்று நினைப்பது கணக்குத் தெரியாதவர் செய்யும் தவறு. பிரிட்டனின் மரபான 'ரியல் ஏல்' பீப்பாய்க்குள்ளேயே நொதித்துக்கொண்டிருக்கும் உயிருள்ள பானம். பனங்கள்ளைப் போல, இட்லி மாவைப் போல அதற்கும் ஒரு வேளை உண்டு. பீப்பாயைத் திறந்தபின் குவளை குவளையாக இறங்கும் இடத்தைக் காற்று நிரப்பும். சுமார் மூன்று நாட்களில் விற்றுத் தீர்க்காவிட்டால் சுவை கெட்டுப் புளிக்கத் தொடங்கும். 'ஃபர்கின்' எனப்படும் வழக்கமான பீப்பாயில் 72 பைன்ட். ஒரு பைன்ட் 568 மில்லி லிட்டர். அப்படியானால் ஒரு பம்புக்கு நாளொன்றுக்கு 24 பைன்டாவது விற்க வேண்டும். பத்துப் பம்பு வைத்திருக்கும் கடையில் செவ்வாய்க்கிழமை நாலு பேர் உட்கார்ந்திருந்தால் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். மூன்று பம்பு, நல்ல கூட்டம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். கோவென்ட் கார்டன் அருகே உள்ள 'ஹார்ப்' சந்து போல ஒடுங்கிய கடைதான். ஆனால் பீர் தேங்குவதே இல்லை. 1971இல் தொடங்கிய கேம்ரா என்ற ரியல் ஏல் ஆர்வலர் அமைப்பு 2010ஆம் ஆண்டின் தேசியச் சிறந்த பப்பாக அதைத் தேர்ந்தெடுத்தது. லண்டன் கடை ஒன்றுக்கு அந்தப் பெயர் கிடைத்தது அதுவே முதல் முறை.

ஜில்லென்று இல்லை என்று குறைப்பட வேண்டாம். நிலவறையின் 11 முதல் 13 டிகிரி வெப்பம்தான் அதற்கு உரியது. அதற்குக் கீழே போனால் மணமே எழாது. காடி போலப் புளித்தால் மட்டும் கவுண்டரில் அமைதியாகச் சொல்லுங்கள். நல்ல கடையில் மறுபேச்சில்லாமல் மாற்றித் தருவார்கள். வாங்கும் முன் ஒரு மடக்குச் சுவைத்துப் பார்க்கக் கேட்கலாம். சைவர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பீப்பாய் பீரைத் தெளிய வைக்க மரபாகச் சேர்ப்பது மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசை. அது சேர்க்காத பீர்களும் இப்போது நிறைய வருகின்றன; கேட்டால் சொல்வார்கள்.

நான் முதன்முதலில் ஒரு பப்புக்குள் போனபோது மேசையில் அமர்ந்து இருபது நிமிடம் பரிமாறுபவருக்காகக் காத்திருந்தேன். யாரும் வரவில்லை, வரவும் மாட்டார்கள். கவுண்டருக்கு நீங்கள்தான் போக வேண்டும். அங்கே வரிசை இருப்பதாகத் தெரியாது, ஆனால் யாருக்குப் பின் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். காசையோ அட்டையையோ ஆட்டிக் கூப்பிடுவது பெரிய அநாகரிகம். நண்பர்களோடு போனால் முறை வைத்து ஒவ்வொருவரும் எல்லோருக்கும் வாங்குவார்கள். தன் முறை வரும் முன் கிளம்பிவிடுபவரை ஆண்டுக்கணக்கில் மறக்கமாட்டார்கள். குடிக்காதவருக்கும் இதில் இடம் உண்டு. இஞ்சி பீர் வாங்கிக்கொண்டு மணிக்கணக்கில் உட்காரலாம், யாரும் ஏன் என்று கேட்பதில்லை. லைம் சோடா கேட்டால் எலுமிச்சை பிழிந்து வராது, பச்சை நிறத்தில் இனிப்புச் சாறு ஊற்றிய சோடாதான் வரும்.

சாப்பாட்டுக்கு நம்பிப் போகிறவர்கள் சமையலறை நேரத்தைத் தனியாக விசாரிக்க வேண்டும். கடை பதினொரு மணி வரை திறந்திருந்தாலும் அடுப்பு ஒன்பதுக்கே அணைந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் தரும் 'ரோஸ்ட்' என்ற சுட்ட இறைச்சிச் சாப்பாடு மதியமே தீர்ந்துவிடும். குழந்தைகளோடு போனால் எத்தனை மணி வரை அனுமதி என்று கேட்டுக்கொள்ளவும். சிப்ஸ் பக்கத்தில் தொங்கும் 'போர்க் ஸ்கிராச்சிங்ஸ்' பொட்டலம் பன்றித்தோல் வறுவல், பார்த்து வாங்குங்கள்.

மரபான பப் என்றால் கருத்த உத்தரமும் வெள்ளைக்காரக் கிழவரும்தான் என்ற எண்ணமும் தவறுதான். பர்மிங்காமுக்கு அருகே ஸ்மெத்திக், வெஸ்ட் பிராமிச் பகுதிகளில் பஞ்சாபியர் நடத்தும் 'தேசி பப்'களைப் பாருங்கள். 1960களில் அங்கே பல பப்களில் நிறத்தைக் காட்டி ஆசியரையும் கறுப்பரையும் ஒதுக்கினார்கள். 1965 பிப்ரவரியில் அமெரிக்கக் கறுப்பின உரிமைத் தலைவர் மால்கம் எக்ஸ் ஸ்மெத்திக்கின் மார்ஷல் தெருவுக்கே வந்து பார்த்தார். அதே ஆண்டு வந்த இன உறவுச் சட்டம் பப்களில் அந்த ஒதுக்கலைச் சட்டவிரோதமாக்கியது. ஒதுக்கப்பட்டவர்களின் தலைமுறை பின்னர் பப்களையே வாங்கி நடத்தத் தொடங்கியது. கரியில் சுட்ட இறைச்சி கலந்த 'மிக்ஸ்டு கிரில்' தட்டு, பக்கத்தில் ஒரு பைன்ட், தொலைக்காட்சியில் கால்பந்து. வெஸ்ட் பிராமிச்சின் 'வைன்' இதற்குப் பேர்பெற்றது. லண்டன் சவுத்தாலில் இந்திய ரூபாயையே வாங்கிக்கொண்ட 'கிளாசி ஜங்ஷன்' இப்போது இல்லை.

இல்லாமல் போன கடையைப் பரிந்துரைப்பதும் அடிக்கடி நடக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் எழுத்தாளர் டோல்கியன் நண்பர்களோடு கூடிய 'ஈகிள் அண்ட் சைல்டு' கொரோனா ஆண்டான 2020இல் மூடியது. அதற்குப் பிறகும் அதன் பெயரைச் சொல்லி ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தவர்களை எனக்குத் தெரியும். அலுவலகங்கள் நிறைந்த லண்டன் 'சிட்டி' பகுதியின் பல பப்களுக்கு வார இறுதியில் விடுமுறை. ஹாட்டன் கார்டன் நகைக்கடைகளுக்கு நடுவே, தோள் உரசும் சந்துக்குள் ஒளிந்திருக்கும் 'ஓல்டு மைட்டர்' எனக்கு உயிர். ஆனால் சனி, ஞாயிறில் அங்கே கிளம்பும் முன் திறந்திருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இரவில் மணி அடித்தால் பதறி எழ வேண்டாம். முதல் மணி கடைசியாக வாங்கிக்கொள்ள, இரண்டாவது விற்பனை முடிந்ததற்கு. அதன்பின் குடித்து முடிக்க இருபது நிமிடம் வரை தருவார்கள். கிளம்பும்போது காலிக் குவளையைக் கவுண்டரில் கொண்டுபோய் வைத்துவிட்டு ஒரு நன்றி சொல்லுங்கள்; அடுத்த முறை போகும்போது முகம் நினைவிருக்கும்.