குளிர் நகரத் தோட்டம்: நடவு நேரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு வசந்தத்திலும் எங்கள் பொதுத் தோட்டத்துக்குப் புதிதாகச் சிலர் வருவார்கள். பாத்தி கிடைத்த உற்சாகத்தில் அவர்கள் செய்வதைப் பார்த்தால், நான் ஆரம்பத்தில் அடித்த அதே கூத்துகள் வரிசைகூட மாறாமல் நடக்கும். தண்ணீரை அளவாக ஊற்றுங்கள், நெருக்கி நடாதீர்கள் என்பதையெல்லாம் எல்லோரும் சொல்வார்கள். சொல்லாவிட்டாலும் ஒரு பருவத்தில் தானாகப் புரிந்துவிடும். அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன். இங்கே நேரம் தொடர்பான தவறுகள் மட்டும். குளிர்காலத்தில் மண்ணே கல்லாக இறுகிவிடும் ஊர்களில் பட்டம் தவறினால் அந்த வருடம் போச்சு.

உறைபனி நாள் தாண்டியதும் எல்லாவற்றையும் வெளியே வைப்பது

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லப் போகிறேன். எத்தனை பேரிடம் சொன்னாலும் அடுத்த வருடம் அதே சனிக்கிழமை அதே காட்சி. எரிச்சலாகத்தான் இருக்கிறது.

முதலில் அந்தத் தேதியைப் பற்றி. கடைசி உறைபனி நாள், அதாவது வசந்தத்தில் கடைசியாக உறைபனி விழும் நாள் என்று பட்டியலில் போட்டிருப்பது பெரும்பாலும் பல வருடக் கணக்கின் சராசரி. அதாவது ஏறக்குறைய பாதி வருடங்களில் அந்தத் தேதிக்குப் பிறகும் உறைபனி விழுந்திருக்கிறது. சில பட்டியல்கள் இன்னும் எச்சரிக்கையாக, பத்தில் ஒரு வருடம்தான் தவறும் என்கிற தேதியைக் கொடுக்கும். உங்கள் கையில் இருப்பது எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவே ஓரிரு வாரங்கள்கூட இருக்கும். இன்னொன்று, வானிலை நிலையத்தில் வெப்பமானி தரையில் கிடப்பதில்லை, ஏறக்குறைய ஆள் உயரத்தில் இருக்கிறது. மேகமோ காற்றோ இல்லாத இரவில் தரை அதைவிடச் சில டிகிரி கூடுதலாகக் குளிரும். முன்னறிவிப்பில் 3 டிகிரி என்றிருந்தும் காலையில் இலைமேல் வெள்ளை பூத்திருப்பது இதனால்தான்.

சரி, உறைபனி விழவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் வெண்டைக்கும் கத்தரிக்கும் நேரம் வந்துவிட்டதாக அர்த்தமில்லை. உறைபனி செடியைக் கொல்லும். குளிர்ந்த மண் கொல்லாது, முடக்கிப்போடும். செத்துப்போனால்கூடப் பரவாயில்லை, வேறு நாற்று வாங்கி வைத்துவிடலாம். சாகாமல் பச்சையாக நின்றுகொண்டே இருப்பதுதான் வம்பு. பார்க்கிறவருக்கு ஏதோ நடந்துகொண்டிருப்பதாகத் தோன்றும். ஒன்றும் நடக்காது.

பக்கத்துப் பாத்திக்காரர் ஒருவர் முதல் வெயில் வாரக்கடைசியிலேயே தக்காளி, மிளகாய், வெண்டை என்று மொத்தத்தையும் நட்டுவிட்டார். இரவு இன்னும் குளிர்கிறதே என்றேன். “உறைபனி நாள் போயிடுச்சே அண்ணே” என்றார். அதற்குமேல் நான் என்ன சொல்வது? மூன்று வாரம் கழித்துக் கூப்பிட்டார். தக்காளி நட்ட உயரத்திலேயே நின்றது. இலையின் அடிப்பக்கம் முழுக்கக் கருஞ்சிவப்பும் ஊதாவுமாக இருந்தது. வெண்டையில் கீழிலைகள் மஞ்சளாகி உதிர்ந்து, நுனியில் இரண்டே இலை. ஒரு தக்காளியைத் தோண்டி எடுத்துப் பார்த்தோம். வேர்க்கட்டி நட்ட அன்று சின்னத் தொட்டியில் இருந்த அதே வடிவத்தில் வந்தது. வெளிமண்ணுக்குள் ஒரு வெள்ளை வேர்கூட நீளவில்லை.

அந்த ஊதா நிறத்தைப் பார்த்ததும் அடுத்த தவறு வரும். இலை ஊதாவானால் மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைவு என்று எங்கோ படித்திருப்பார்கள், உடனே உரம். படித்தது தப்பில்லை. ஆனால் மண்ணில் மணிச்சத்து இல்லாததால் வந்த குறை இல்லை இது. மண் குளிர்ந்து கிடந்தால், இருக்கிற மணிச்சத்தையே வேரால் சரியாக எடுக்க முடியாது. உரம் போட்டால் உரம்தான் வீண். மண் சூடானதும் புதிதாக வரும் இலை தானாகப் பச்சையாகிவிடும். அதற்குள் போன வாரங்கள்தான் திரும்பாது. பனியில்லாத நாட்களே நான்கு, ஐந்து மாதங்கள் என்றால் மூன்று வாரம் சின்ன நஷ்டமா?

கணக்கு இதுதான். தக்காளியை வெளியே வைக்க இரவு வெப்பம் தொடர்ந்து 10 டிகிரிக்குக் கீழே இறங்காமல் இருக்க வேண்டும். 13க்குக் கீழே போகும் இரவுகளில் பூ வந்தாலும் காய் பிடிப்பது குறைவு. மண் குறைந்தது 15 டிகிரி. மிளகாய், கத்தரி, வெள்ளரிக்கு 18. வெண்டை இவற்றைவிடக் கறார். 20 டிகிரி வந்தால்தான் சந்தோஷமாக இருக்கும். பீன்ஸ் விதையும் வெண்டை விதையும் குளிர்ந்த ஈரமண்ணில் முளைப்பதற்கு முன்பே அழுகிவிடும்.

ஊகிக்க வேண்டாம், அளந்து பாருங்கள். சமையலறையில் கிடக்கும் கம்பி வெப்பமானி போதும். விரல் நீளத்துக்கும் கொஞ்சம் கூடுதலாக, 10 செ.மீ. ஆழத்துக்குக் குத்துங்கள். காலையில் அளக்க வேண்டும். சாயங்காலம் அளந்து 19 என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. அது பகல் வெயில் பட்டு ஏறின சூடு, விடிவதற்குள் இறங்கிவிடும். தொடர்ந்து நாலைந்து நாள் காலையில் எண் நின்றால் நடலாம். அவசரம் தாங்கவில்லையென்றால் பாத்தியைக் கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பால் இரண்டு வாரம் முன்பே மூடிவையுங்கள், மண் சில டிகிரி ஏறும். வைக்கோல் மூடாக்கை அப்போது போடாதீர்கள். அது குளிரை உள்ளேயே பூட்டிவைக்கும். மண் சூடான பிறகுதான் அதற்கு வேலை.

நகரத்தில் இதில் ஒரு சலுகையும் ஒரு சிக்கலும் உண்டு. கட்டடமும் தாரும் பகல் சூட்டைப் பிடித்துவைத்து இரவில் விடுவதால் ஊருக்கு வெளியே இருக்கும் விமான நிலையக் கணக்கைவிட நகரின் நடுவே இரவுகள் மிதமாக இருக்கும். வெயில் படும் செங்கல் சுவரையொட்டி ஒரு வாரம் முந்திக்கூட நடலாம். ஆனால் அதே வளாகத்தில் மறுபக்கம் நிழல் விழும் பாத்தி ஈரமாக, சில்லென்று கிடக்கும். ஆகவே நகரத்துக்கு ஒரு தேதி என்பதே கிடையாது. சுவருக்கு ஒரு தேதி, நிழலுக்கு ஒரு தேதி. மாடித்தோட்டத்தில் இன்னொன்று: தொட்டி மண் சீக்கிரம் சூடாகும், அதே வேகத்தில் குளிரவும் செய்யும்.

குளிர் மண்டல எண்ணைப் பார்த்து நடுவது

ஊர்களைக் குளிரின் அளவுப்படி பிரித்துக் கொடுத்திருக்கும் அந்த எண், குளிர்காலத்தின் கடுங்குளிர் எவ்வளவு என்று சொல்வது. எந்த மரம் பிழைக்கும் என்பதற்குத்தான் அது. தக்காளிக்குத் தேதி சொல்லாது.

வீட்டுக்குள் ரொம்பச் சீக்கிரம் விதைப்பது

பனி கொட்டும்போது கை சும்மா இருக்காது, புரிகிறது. ஆனால் நாற்று என்பது வாரக்கணக்கு. தக்காளிக்கு 6 முதல் 8 வாரம், மிளகாய் கத்தரிக்கு 8 முதல் 10, வெள்ளரி பூசணி வகைக்கு 3 அல்லது 4. இதை வெளியே நடப்போகும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். முந்தி விதைத்தால் முந்திக் காய்க்கும் என்பது நினைப்பு மட்டுமே. ஜன்னல் வெளிச்சம் குளிர்காலத்தில் போதாது; நாற்று வெளிறி, தண்டு மெலிந்து, வெளிச்சம் வரும் பக்கமாகச் சாயும். வேர் தட்டுக்குள் சுருண்டு, நடுவதற்கு முன்பே பூவும் வைத்துவிடும். அப்படிப்பட்ட பெரிய நாற்றைவிட குட்டையாக, தண்டு தடித்த ஆறு வார நாற்று சீக்கிரம் எழும்பும். பூசணி, வெள்ளரிக்கு வேரைத் தொந்தரவு செய்வதே பிடிக்காது, அவற்றில் இன்னும் கவனம்.

ஜன்னலோரத்திலிருந்து நேரே பாத்திக்கு

நாற்றை வெளி வெயிலுக்கும் காற்றுக்கும் ஒரு வாரம், பத்து நாள் பழக்குங்கள். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம். இலை வெளுத்துப்போன பிறகு கேட்டால் பதில் கிடையாது.

குளிர்ப் பயிரைத் தக்காளியோடு சேர்த்துக் காத்திருக்க வைப்பது

மேலே சொன்னதைப் படித்துவிட்டுச் சிலர் எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள். எல்லாமே சூடு வந்த பிறகுதான் என்று பட்டாணியையும் பாலக்கையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பட்டாணி மண் 5 டிகிரி இருந்தாலே, மெதுவாக என்றாலும், முளைக்கும். லேசான உறைபனி அதை ஒன்றும் செய்யாது. பாலக், முள்ளங்கி, லெட்டூஸ், அகல அவரை எல்லாம் அந்தக் கூட்டம்தான். இவற்றுக்கு எதிரி வெயில். பகல் 14 மணி நேரத்தைத் தாண்டினால் பாலக் இலை விடுவதை நிறுத்திவிட்டுப் பூத்தண்டு விடும். சூடு ஏறினால் கொத்தமல்லியும் அப்படியே. பட்டாணிப் பூ வெக்கையில் உதிரும்.

இவற்றுக்கு நேரம் பார்ப்பது கையால்தான். ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பிடித்து, விரலால் தட்டிப் பாருங்கள். உதிர்ந்தால் விதைக்கலாம். பிசுபிசுவென்று உருண்டையாகவே இருந்தால் பாத்திக்குள் காலே வைக்காதீர்கள். ஈரக் களிமண்ணை மிதித்தால் கோடை முழுக்க அது கட்டியாகவே கிடக்கும்.

இரண்டாம் விதைப்பை மறந்துவிடுவது

தக்காளி சிவக்கும் நேரத்தில் இலையுதிர்காலத்துக்கு விதைக்க யாருக்கும் நினைவு வராது. பீன்ஸ் ஓய்ந்து, பாதிப் பாத்தி காலியாகி, குளிர் தொடங்கும்போது “இப்போது என்ன போடலாம்?” என்று கேட்பார்கள். ஏறக்குறைய ஒன்றும் போட முடியாது. பகல் குறையக் குறைய வளர்ச்சி மந்தமாகும். 10 மணி நேரத்துக்குக் கீழே போனால் கிட்டத்தட்ட நின்றுவிடும்.

இலையுதிர்காலத்தின் முதல் உறைபனி நாளிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். விதைப் பாக்கெட்டில் போட்ட நாட்களோடு, பகல் சுருங்குவதற்காக இரண்டு வாரம் கூட்டுங்கள். பீட்ரூட் 60 நாள் என்றால் உங்களுக்கு 74. எண்ணிப் பார்த்தால் தேதி நடுக்கோடையில் போய் நிற்கும். நம்ப முடியாமல் இன்னொரு தடவை எண்ணுவீர்கள், சரியாகத்தான் இருக்கும். அப்புறம் அந்த வெக்கையில் லெட்டூஸ் விதை முளைக்க மறுக்கும். சாயங்காலம் விதைத்து, நனைத்து, மேலே ஒரு பலகையைப் போட்டு மூடி, முளை தெரிந்த அன்றே எடுத்துவிடுங்கள்.

இதற்குக் கூலி உண்டு. கேல், கேரட், முட்டைக்கோஸ் எல்லாம் குளிர் பட்டால் உடம்பில் சர்க்கரையைக் கூட்டிக்கொள்ளும். இலையும் கிழங்கும் உறையாமல் காத்துக்கொள்ள அவற்றுக்கு அதுதான் வழி. இரண்டு உறைபனி கண்ட கேலைக் கோடையில் பறித்த கேலோடு வைத்துத் தின்று பாருங்கள்.

பூண்டை வசந்தத்தில் நடுவது

பூண்டுக்குப் பட்டம் இலையுதிர்காலம். மண் இறுகுவதற்கு ஒரு மாதம் முன்பு நட்டால் வேர் விட்டு நிற்கும், பிறகு குளிரைக் கடந்து வரும். அந்தக் குளிர் கிடைக்காத பூண்டு பல பிரியாமல் ஒற்றை உருண்டையாக வந்து நிற்கும். சமையலுக்கு ஆகும்தான். ஒரு பல்லை மண்ணில் வைத்து ஒரு பல்லையே திரும்ப எடுப்பதற்கா இத்தனை மாதம் பாத்தியைக் கொடுத்தீர்கள்?